புயல் எச்சரிக்கைக் காணொளி: யாருக்கு எந்த வசதி?

தொண்டி முதல் தனுஷ்கோடி வரையுள்ள கரைக்குப் புயல் எச்சரிக்கை இன்று காணொளியாகவும் வருகிறது. காது கேளாதவரையும் பார்வையற்றவரையும் அது சென்றடைய நான்கு வழிகள் உண்டு: சப்டைட்டில், சைகை மொழி, ஒலி விவரிப்பு (படத்தில் தெரிவதைக் குரலில் சொல்வது), எழுத்துப் பிரதி. புயல் நெருங்கும் நேரத்தில் நான்கையும் செய்து முடிக்க ஆளும் அவகாசமும் கிடைப்பது அரிது. அதனால் எதை முதலில் செய்வது என்பதே கேள்வி.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டு பகலில் கூம்பும் உருளையுமாகவும், இரவில் விளக்குகளாகவும் தெரியும். 1 முதல் 11 வரையிலான எண்களில் எது ஏறியிருக்கிறது என்பதைக் காது கேளாத மீனவர் பார்த்தே அறிவார். பார்வையற்றவருக்கு யாராவது சொல்ல வேண்டும். பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை பண்பலையின் நிலை இதற்கு நேர்மாறு. காணொளியில் ஒலியும் உண்டு, படமும் உண்டு. ஆனால் ஒலியில் சொன்னது படத்திலும், படத்தில் காட்டியது ஒலியிலும் இல்லையென்றால் இருவருமே பாதிச் செய்தியோடு நிற்பார்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 42-ஆம் பிரிவில் ஒலி விவரிப்பு, சைகை மொழி, சப்டைட்டில் மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆபத்து நேரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தகவல் சேர்ப்பதை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் கடமையாக 8-ஆம் பிரிவு வைக்கிறது.

சப்டைட்டிலில் இருவகை உண்டு. தனிக் கோப்பாக இணைக்கப்படுவதைப் பார்ப்பவர் பெரிதாக்கலாம், அணைக்கலாம். பிழையிருந்தால் திருத்துவதும் எளிது. இணையதளத்தில் நிலையாக இருக்கப்போகும் காணொளிக்கு இதுவே சிறந்தது. ஆனால் எச்சரிக்கை அங்கேயே நிற்பதில்லை. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறித்தான் மீனவக் குடியிருப்புகளுக்குப் போகிறது. அந்தப் பயணத்தில் தனிக் கோப்பு கூடவே வராது. ஆகவே எச்சரிக்கைக்குப் படத்தோடு பதித்த எழுத்தே ஏற்றது. கீழே ஓடும் செய்திப் பட்டை அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இயந்திரம் தானாக எழுதும் தமிழ்ச் சப்டைட்டிலை அப்படியே வெளியிடுவது ஆபத்து. பேச்சுத்தமிழிலும் ஊர்ப்பெயரிலும் அது எளிதில் தடுமாறும். காற்று மணிக்கு 55 கிலோமீட்டரா 65-ஆ என்பதில் ஓர் எண் பிசகினாலும் எச்சரிக்கையே மாறிவிடும். நேரமில்லாதபோது எண்கள், ஊர்ப்பெயர்கள், ‘கடலுக்குப் போக வேண்டாம்’ என்ற வரி ஆகியவற்றையாவது ஒருவர் கண்ணால் சரிபார்த்தாக வேண்டும்.

சைகை மொழியைச் சப்டைட்டிலுக்கு மாற்றாகக் கருதுவது தவறு. சப்டைட்டில் இருந்தால் சைகை வேண்டாம் என்பதும் அதே அளவு தவறு. பிறவியிலேயே காது கேளாதவர் பலருக்குச் சைகையே முதல் மொழி, எழுதிய தமிழ் இரண்டாவது மொழி. பள்ளிக்கூடமே போகாதவருக்கு எழுத்தால் பயனில்லை. உலகளாவிய இணைய அணுகல் நெறிகள் சப்டைட்டிலை அடிப்படை நிலையிலும் சைகை மொழியை உச்ச நிலையிலும் வைக்கின்றன. பயிற்சிப் பாடத்துக்கோ அறிமுகப் படத்துக்கோ அந்த வரிசை பொருந்தலாம். உயிர் காக்கும் செய்திக்குப் பொருந்தாது; அங்கே சைகை இரண்டாம் இடத்துக்காவது வர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் மூலையில் கட்டைவிரல் அளவில் நின்றால் கைப்பேசித் திரையில் விரல்களே தெரியாது. முகமும் இரு கைகளும் தெளிவாகத் தெரியும் அளவும், உடையிலிருந்து கைகள் வேறுபட்டுத் தெரியும் நிறமும் தேவை.

ஒலி விவரிப்பு என்றதும் தனி ஒலித்தடமும் கூடுதல் செலவும் நினைவுக்கு வரும். புயல் எச்சரிக்கைக்குப் பெரும்பாலும் அது வேண்டியதில்லை. வரைபடத்தைச் சுட்டி ‘இந்தப் பகுதியில்’ என்பதற்குப் பதிலாக ‘தொண்டி முதல் பாம்பன் வரை’ என்றும், ‘சிவப்பில் காட்டியிருக்கும் இடங்கள்’ என்பதற்குப் பதிலாக அந்த ஊர்களின் பெயர்களையும் சொன்னால் போதும். பேசுபவரின் உரையை எழுதும்போதே இதைச் செய்துவிடலாம், காசு செலவில்லை. பேச்சில்லாமல் காட்சியும் இசையுமாக ஓடும் படங்களுக்குத்தான் தனி விவரிப்பு அவசியம்.

எழுத்துப் பிரதி மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்வது ஒலிப்பதிவுக்குச் சரி, காணொளிக்குச் சரியல்ல. ஆனாலும் பிரெய்ல் திரையில் படிக்கும், காதும் கண்ணும் இயங்காத ஒருவருக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. சிக்னல் குறைந்த இடத்தில் காணொளி சுழன்றுகொண்டே நிற்கும்போது எல்லோருக்கும் பயன்படுவதும் அதுதான். படமாக ஒட்டாமல் எழுத்தாகவே இட்டால்தான் திரைவாசிப்பான் அதைப் படிக்கும்.

காணொளியை இயக்கும் பொத்தான்களுக்கும் எழுத்தில் பெயர் இருக்க வேண்டும். மவுஸ் பிடிக்க முடியாதவர் விசைப்பலகையாலேயே அவற்றை அடைய முடிய வேண்டும். பக்கம் திறந்ததும் தானாக ஓடும் காணொளி, திரைவாசிப்பானின் குரலை அமுக்கிவிடும். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சி வலிப்பு நோயாளிகளுக்கு ஆபத்து. எச்சரிக்கையின் தொடக்கத்தில் பரபரப்புக்காகச் சேர்க்கும் மின்னல் காட்சியை எடுத்துவிடுவது நல்லது.