காங்கிரீட்டும் ஒரு குடம் தண்ணீரும்

உங்கள் தெருவில் புதிதாக ஒரு வீடு கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடித் தளத்துக்குக் காங்கிரீட் போட்டு இரண்டு நாள் ஆகிறது. மேலே ஏறிப் பார்த்தால், தளம் முழுவதும் சிறுசிறு பாத்திகளாகக் கரை கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். காய வேண்டிய தளத்தில் எதற்காகத் தண்ணீர்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால், பல ஆண்டுச் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுகிறவர்களில் சிலர், தண்ணீர் லாரிக்குக் காசு கொடுப்பானேன் என்று இரண்டாம் நாளே பாத்தியை வற்ற விட்டுவிடுகிறார்கள். அதே தளத்துக்குக் கலவை போட்ட நாளில், வேண்டாத ஒரு குடம் தண்ணீர் கலவையில் தாராளமாக ஊற்றப்பட்டிருக்கும்! வேண்டாத போது கொடுத்து, வேண்டும் போது மறுப்பது. இதனால் என்ன கேடு என்று காண்போம்.

காய்வதால் இறுகுகிறதா?

களிமண் உருண்டை ஒன்றை வெயிலில் வையுங்கள். ஈரம் போனதும் இறுகிவிடும். மறுபடி தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். காங்கிரீட்டும் இப்படித்தான் காய்ந்து இறுகுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள்.

ஒரு சிமெண்டு மூட்டையை நினைத்துப் பாருங்கள். அதிலுள்ள தூள் நன்றாகக் காய்ந்துதான் இருக்கிறது. ஆனாலும் தூளாகவே இருக்கிறது. அதே மூட்டையை மழைக்காலத்தில் ஈரத் தரையில் போட்டு வைத்தால், காற்றின் ஈரத்தையும் தரையின் ஈரத்தையும் ஏற்றுக் கல்லாகிவிடுகிறது. ஆகவே சிமெண்டைக் கல்லாக்குவது தண்ணீரே. அதனால்தான் ஆற்றுப் பாலங்களின் அடித்தளத்தில் போடும் காங்கிரீட் தண்ணீருக்குள்ளேயே இறுகுகிறது.

சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் இறுகச் செய்வது எப்படி என்று முறையாக ஆராய்ந்தவர் ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1756 முதல் 1759 வரை இங்கிலாந்தின் பிளிமத் அருகே, கடல் நடுவே எடிஸ்டோன் பாறையில் அவர் கலங்கரை விளக்கம் கட்டினார். களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பே நீரில் நன்கு இறுகும் என்பதை அவர் கண்டறிந்தார். 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு ஒரு தூள் செய்து, அதற்குப் 'போர்ட்லண்டு சிமெண்டு' என்று பெயரிட்டுக் காப்புரிமை பெற்றார். இறுகிய பின் அது போர்ட்லண்டு பகுதியின் கட்டடக் கல்லைப் போலத் தோன்றியதே அந்தப் பெயருக்குக் காரணம்.

தூள் கல்லாகும் விதம்

இன்றைய ஆலைகளில் சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் பொடித்து, சுழலும் உலையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். கிடைக்கும் உருண்டைகளுக்குக் கிளிங்கர் என்று பெயர். சிறிது ஜிப்சம் சேர்த்து இவற்றை அரைத்தால் சிமெண்டு கிடைக்கிறது. ஜிப்சம் இல்லையேல் தண்ணீர் பட்டவுடனே கலவை விறைத்துவிடும். கொத்தனார் வேலை செய்ய நேரம் இராது.

சிமெண்டில் மிகுதியாக இருப்பவை கால்சியம் சிலிக்கேட்டுகள். இவை தண்ணீரோடு வினைபுரிந்து இரண்டு பொருள்களைத் தருகின்றன. ஒன்று கால்சியம் சிலிக்கேட்டு ஹைட்ரேட்டு என்னும் பசை. மணலையும் ஜல்லியையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வது இதுதான். மற்றொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. இந்த வினைக்கு நீரேற்றம் என்று பெயர். இது வெப்பத்தை வெளிவிடும் வினையாகும். அமெரிக்காவின் ஹூவர் அணையில் 1933 முதல் 1935 வரை காங்கிரீட் இட்டபோது, இந்த வெப்பத்தை வெளியேற்றக் காங்கிரீட்டுக்குள் குழாய்களைப் பதித்துக் குளிர்நீரை ஓட்ட வேண்டியிருந்தது!

எவ்வளவு தண்ணீர் தேவை?

50 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை சிமெண்டை எடுத்துக்கொள்வோம். நீரேற்றத்தில் பிணைந்துபோகும் தண்ணீர் சிமெண்டின் எடையில் சுமார் 23 விழுக்காடு. உண்டான பசையின் மிக நுண்ணிய இடுக்குகளில் தங்குவது இன்னும் சுமார் 15 விழுக்காடு. ஆக 38 விழுக்காடு. அதாவது 19 லிட்டர். ஒரு குடத்துக்குச் சற்றே அதிகம்.

இந்த அளவோடு கலந்தால் கலவை கெட்டியாக இருக்கும். கம்பிகளுக்கு இடையே புகுந்து நிரம்பாது. எனவே சற்றுக் கூடுதலாக, 25 லிட்டர் வரை சேர்ப்பதுண்டு. தண்ணீரின் எடையைச் சிமெண்டின் எடையால் வகுத்தால் வருவது நீர்-சிமெண்டு விகிதம். இங்கே 25/50 = 0.50. இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பி வைத்த காங்கிரீட்டுக்கு மிதமான சூழலில் 0.50, கடற்காற்று படும் இடங்களில் 0.45 என இந்த விகிதத்துக்கு மேல் வரம்பு விதித்துள்ளது.

இப்போது கூடுதலாக 10 லிட்டர் ஊற்றுவதாகக் கொள்வோம். விகிதம் 0.70 ஆகிறது. சிமெண்டுக்கு வேண்டாத அந்தத் தண்ணீர் சில நாளில் ஆவியாகிப் போகும். அது இருந்த இடம் மட்டும் நுண்துளைகளாக நின்றுவிடும். கல்லைப் போல இருக்க வேண்டியது கடற்பஞ்சைப் போல ஆகிறது. வலிமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடக்கூடும். விகிதம் கூடக்கூட வலிமை குறையும் என்ற இந்த விதியை 1918-இல் சிகாகோ நகரின் லூயிஸ் நிலையத்தில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் ஏராளமான சோதனைகளின் மூலம் நிறுவினார்.

பின் ஏன் தண்ணீரை ஊற்றுகிறார்கள்? கெட்டியான கலவையைச் சட்டியில் சுமந்து, கம்பிகளுக்கிடையே குத்தி நிரப்புவது கடினமான வேலை. நீர்த்த கலவை தானாகவே ஓடிப் பரவும். இன்னொரு காரணமும் உண்டு. கலந்து வைத்த கலவை வெயிலில் விறைக்கத் தொடங்கினால், தண்ணீர் தெளித்து 'உயிர் கொடுக்க' முயல்வார்கள். கலவை இளகும், வலிமை திரும்பாது. நேரான வழிகள் உள்ளன: வேண்டிய அளவே கலந்து உடனே பயன்படுத்தலாம், வைப்ரேட்டர் கொண்டு இறுக்கலாம், தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக வைக்கும் வேதிப் பொருள்களைச் சேர்க்கலாம்.

கலவை நீர்த்துவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 30 செ.மீ. உயரமுள்ள, மேலே 10 செ.மீ., கீழே 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு தகரக் கூம்பில் கலவையை அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இரும்புக் கம்பியால் 25 முறை குத்துவார்கள். பிறகு கூம்பை மெல்ல மேலே தூக்கினால் கலவை சற்றுச் சரிந்து அமரும். எத்தனை மில்லிமீட்டர் அமர்ந்தது என்பதே அளவு. கம்பி குறைவான தளங்களுக்கு 25 முதல் 75 மி.மீ. போதும். வேதிப் பொருள் சேர்க்காத கலவை அதைவிட மிகுதியாகச் சரிந்தால், குடம் கூடிவிட்டது என்று பொருள்!

மணலுக்குள் ஒளிந்த தண்ணீர்

குடத்தை அளந்து ஊற்றினாலும் ஏமாற இடமுண்டு. மழை நனைத்த மணலே ஒரு நீர்த்தொட்டி. ஒரு மூட்டை சிமெண்டுக்கு 80 கிலோ மணல் சேர்ப்பதாகவும், அதில் 5 விழுக்காடு ஈரம் இருப்பதாகவும் கொண்டால், 4 லிட்டர் தண்ணீர் கணக்கில் வராமலே உள்ளே வந்துவிடுகிறது. ஊற்றும் நீரில் அதைக் கழிக்க வேண்டும்.

ஈர மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு கண்ணாடி ஜாடியில் உலர்ந்த மணலை 10 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். அதைத் தட்டில் கொட்டி, சிறிது தண்ணீர் தெளித்துப் பிசறி, அழுத்தாமல் மறுபடி ஜாடியில் போடுங்கள். மணல் 12 செ.மீ. அல்லது அதற்கு மேலும் உயர்ந்து நிற்கக் காண்பீர்கள். மணல் பருகளைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை விலக்கி நிறுத்துகிறது. ஜாடியில் தண்ணீரை நிறைய ஊற்றிக் கிளறினால் படலம் குலைந்து மணல் பழைய உயரத்துக்கே இறங்கிவிடும். ஈர மணலைப் பெட்டியால் அளந்தால், பெட்டி நிறைந்தும் மணல் குறைந்தே இருக்கும். வீங்கிய அளவுக்கு ஈடு செய்து கூடுதலாகப் போடுவது அவசியம்.

இறுகிய பிறகு தண்ணீர் எதற்கு?

கலவை சில மணி நேரத்தில் விறைத்து விடுகிறது. ஆனால் நீரேற்றம் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது; அது வாரக்கணக்கில் நடக்கும். வெயிலும் காற்றும் மேற்பரப்பின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால், சிமெண்டுத் துகள்கள் பாதி வினையோடு நின்றுவிடுகின்றன. மேற்பரப்பு சுருங்கி வெடிப்பு விடும். இதைத் தடுக்கவே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். தூண்களில் தண்ணீர் நிற்காது ஆகையால் சாக்கைச் சுற்றி நனைக்கிறார்கள். இதற்கு நீராற்றுதல் என்று பெயர். கட்டட வேலைக்காரர்கள் 'க்யூரிங்' என்பார்கள்.

சாதாரணப் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும். எரிசாம்பல் கலந்த சிமெண்டுக்கும் குறைந்தது 10 நாள். 14 நாள் என்றால் இன்னும் நல்லது. சாம்பல் மெதுவாக வினைபுரிவதே காரணம். நீராற்றிய காங்கிரீட்டை 15 செ.மீ. பக்கமுள்ள கனசதுரமாக வார்த்து, 28-ஆம் நாள் நசுக்கிப் பார்ப்பது வழக்கம். எம்-20 எனப்படும் வகை, சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். அதாவது அந்தச் சிறு கட்டி ஏறத்தாழ 46 டன் எடையைச் சுமக்க வேண்டும்!

கம்பியின் கவசம்

வலிமைக் குறைவு மட்டும் அன்று. இன்னொரு ஆபத்தும் உண்டு. நீரேற்றத்தில் உண்டான சுண்ணாம்பு காங்கிரீட்டைக் காரத்தன்மையுடன் வைக்கிறது. அதன் பி.எச். மதிப்பு 12-க்கு மேல். இந்தக் காரத்தில் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. நுண்துளைகள் மிகுந்தால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே புகுந்து சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிவிடும். காரம் குறையும், கம்பி துருப்பிடிக்கும். கடலோரத்தில் உப்பும் உள்ளே நுழைந்து இதை விரைவாக்கும். துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதால் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. பழைய கட்டடங்களில் கூரையின் அடிப்பக்கம் பெயர்ந்து, துருவேறிய கம்பிகள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய கூரையின் கீழ் உட்காராதீர்கள். பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

100 கிராம் சிமெண்டு, 300 கிராம் உலர்ந்த மணல், 50 மி.லி. தண்ணீர் சேர்த்துக் கலவுங்கள். அட்டையை மடித்து, உள்ளே பாலிதீன் விரித்து, 15 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் 2 செ.மீ. உயரமும் கொண்ட அச்சுகள் செய்து, இரண்டு துண்டுகள் வாருங்கள். இதே சிமெண்டு, மணல் அளவுக்கு 80 மி.லி. தண்ணீர் சேர்த்து மூன்றாவது துண்டு வாருங்கள். மறுநாள் அச்சைப் பிரித்து, முதல் துண்டையும் மூன்றாவதையும் 7 நாள் தண்ணீரில் போடுங்கள். இரண்டாவதை வெயிலில் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் இரு செங்கற்களின் மேல் பாலம் போல வைத்து, நடுவில் ஒரு வாளியைத் தரைக்குச் சற்று மேலே தொங்குமாறு கட்டுங்கள். குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றி, எத்தனையாவது குவளையில் முறிகிறது என்று எழுதுங்கள். ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்கும். கையுறை அணிந்து செய்யுங்கள். பாலத்தின் கீழ்க் காலை வைக்காதீர்கள்.

சிந்தனைக்கு

1. மூன்று துண்டுகளில் முதலில் முறிந்தது எது? ஏன்?
2. விகிதம் 0.45 ஆக இருக்க வேண்டுமானால், ஒரு மூட்டை சிமெண்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? மணல் 80 கிலோ, ஈரம் 5 விழுக்காடு எனில் ஊற்ற வேண்டியது எவ்வளவு?
3. உங்கள் தெருவில் கட்டும் வீட்டில் கலவைக்குத் தண்ணீரை அளந்து ஊற்றுகிறார்களா? எத்தனை நாள் நீராற்றுகிறார்கள்? மேஸ்திரியிடம் பணிவாகக் கேட்டு எழுதி வாருங்கள்.