பேர் சொல்லவில்லையே என்று வலித்தால் பாவமா?

கேள்வி: ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள் நான். விடியுமுன் ஜீப் ஏறி போடிமெட்டு வழியாக மலைக்குப் போனால், வீடு திரும்ப இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தைக் கூட்டுவதும் பாய் விரிப்பதும் பல வருஷமாக என் வேலை. போன அறுப்பின் பண்டிகைக்கு நாங்கள் நாலு பெண்கள் ராத்திரி முழுக்கச் சமைத்தோம். ஃபேன் வாங்கிக் கொடுத்தவருக்கு மேடையில் சால்வை போட்டார்கள். எங்களை ஒருத்தரும் நினைக்கவில்லை. மனசு வலித்தது. "இன்னும் உனக்குச் சுயம் சாகலை" என்கிறார் கூட வேலை செய்கிற அக்கா. எனக்கு இடுப்புவலியும் இருக்கிறது. நாலு நாள் வேலைக்குப் போகாமல் இருக்கிறேன் என்றால், "ஆண்டவர் சிலுவையே சுமந்தாரே" என்று வீட்டில் வாயை அடைக்கிறார்கள். நான் சுயநலக்காரியா?

– வாசகி ஒருவர், சிலமலை

பதில்: அன்புள்ள சகோதரி,

இல்லை. உங்களுக்கு வலித்தது நியாயமான வலி. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பிரசங்கங்களில் பெரும்பாலும் தாண்டிப்போகிற அதிகாரம் அது. வெறும் பெயர்ப்பட்டியல் என்று நினைத்துவிடுகிறோம். அதில் மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று நாலு பெண்கள் வருகிறார்கள். அவர்கள் எந்த ஊர், யார் வீட்டுப் பெண்கள் என்றெல்லாம் பவுல் சொல்லவில்லை. பாடுபட்டு உழைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லி, பெயர் சொல்லி வாழ்த்துகிறார். உழைத்தவரின் பெயரைச் சொல்வது சபையின் கடமை என்று அப்போஸ்தலரே நினைத்திருக்கிறார். அந்தக் கடமையை உங்கள் சபை மறந்ததற்கு, குற்றத்தை உங்கள் மனசின்மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சுயத்தை வெறுத்தல் என்பதை நாம் பல நேரம் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். யோவான் 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். அதற்குச் சற்று முன்னால் யோவான் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டே போகிறார்: பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார் என்பது இயேசுவுக்குத் தெரியும். தாம் யார் என்பதை அறிந்தவர் எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிகிறார். யாரும் அவரைப் பிடித்துக் குனிய வைக்கவில்லை. அடுத்த நாள் விடியுமுன் பிரதான ஆசாரியன் வீட்டில் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது, ஏன் அடிக்கிறாய் என்று அதே ஆண்டவர் நேராகக் கேட்டார். தானாகக் கொடுப்பதும் பிறர் பிடுங்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் தமிழ்நாட்டிலேயே இதை வாழ்ந்து காட்டியவர்கள் உண்டு. 1921-ல் திருப்பத்தூரில் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தின் வசதியான குடும்பத்தில் பிறந்த ஃபாரஸ்டர் பேட்டன். வெள்ளைக்காரர் எஜமானராகவும் இந்தியர் அவருக்குக் கீழே வேலை செய்பவராகவும் இருந்த காலம் அது. ஆசிரமத்தில் ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். இருவரும் கதர் உடுத்தி, மணம் செய்துகொள்ளாமல், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். இதில் இறங்கி வந்தவர் யார்? மேலே உட்கார எல்லா வசதியும் இருந்தவர்தான்.

அதனால், "சுயம் சாக வேண்டும்" என்ற பிரசங்கம் முதலில் போய்ச் சேர வேண்டியது சால்வையும் மைக்கும் கையில் வைத்திருக்கிறவர்களுக்கு. ஏலச்செடியின் அடித்தூரில் குனிந்து குனிந்து காய் எடுக்கிற பெண்ணிடம் இன்னும் குனி என்று சொல்வது சுவிசேஷம் ஆகாது. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சிலுவை ஆண்டவர் மனதார ஏற்றுக்கொண்டது. அதைக் காட்டி இன்னொருவரின் இடுப்புவலியை வாயடைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. களைத்துப்போன சீஷர்களைத் தனி இடத்துக்குக் கூப்பிட்டுச் சற்று இளைப்பாறச் சொன்னவரும் அவரே. மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.

அதற்காக அகந்தை நம் பக்கமே எட்டிப் பார்க்காது என்று நினைத்துவிடவும் கூடாது. அது சேவைக்குள்ளேயும் வந்து உட்காரும். மார்த்தாளிடம் ஆண்டவர் கண்ட குறை அவள் சமைத்தது அல்ல. கவலையும் கலக்கமும் அவளைப் பிடித்திருந்தன, கண் சகோதரியின்மேல் இருந்தது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன், பதிலை மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். அடுத்த ஞாயிறு நீங்கள் போகுமுன் ஒரு சின்னப் பெண் வந்து ஆலயத்தைக் கூட்டி, பாயும் விரித்து வைத்திருந்தால் சந்தோஷப்படுவீர்களா? இல்லை, இது என் இடம் என்று நெஞ்சு சுருக்கென்று குத்துமா? குத்தினால், அந்த இடத்தில் ஜெபியுங்கள். நாம் இல்லாமல் கர்த்தருடைய வேலை நடக்காது என்ற நினைப்புத்தான் சாக வேண்டிய சுயம். நன்றியாக ஒரு வார்த்தை கேட்க ஆசைப்படுவது அதில் சேராது.

டோனாவூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்த ஏமி கார்மைக்கேல் 1951-ல் இறந்தார். தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. ஆனால் வளர்த்த பிள்ளைகள் சும்மா இருந்துவிடவில்லை. பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, 'அம்மை' என்று அதில் பொறித்தார்கள். புகழைத் தள்ளுவது பணி செய்தவரின் விருப்பம், நினைவுகூர்வது மற்றவர்களின் கடமை.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். அடுத்த பண்டிகைக்கு முன்பே ஆயரிடம் போய், சமைக்கிற பெண்களின் பெயரையும் வாசியுங்கள் என்று கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கும் முன்னால், இந்த வாரமே ஒருநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, போடி அரசு மருத்துவமனையில் இடுப்பைக் காட்டிவிடுங்கள்.