உப்புக்காற்றும் வைட்பேண்ட் சென்சாரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம், பாம்பன் வழியாக ராமேசுவரம் வரை நீளும் கடற்கரை, இரும்பு மிக விரைவாக அரிக்கப்படும் இடங்களுள் ஒன்று. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராய மண்டபத்தைத் தேர்ந்துகொண்டதற்கும் இதுவே காரணம். பாம்பன் பாலத்தை அரித்த அதே காற்று கார் வயரிங்கின் இணைப்புகளையும் அரிப்பதால், எரிபொருள் அளவைத் திருத்தியமைக்கும் டியூனிங் கருவியோடு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரை இணைப்பது பற்றிய தவறான நம்பிக்கைகள் இக்கரையில் கூடுதல் கேடு விளைவிக்கின்றன. புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனைக் கொண்டு, எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தைக் கணிப்பதே இச்சென்சாரின் பணி.

நம்பிக்கை 1: பழைய ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அதே வயர்களில் வைட்பேண்டைப் பொருத்தலாம்.

உண்மை: நேரோபேண்ட் எனப்படும் பழைய வகை, ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரை தாவி, கலவையில் பெட்ரோல் மிகுதியா குறைவா என்பதை மட்டுமே தெரிவிக்கும். வைட்பேண்டிலோ ஓர் அளவுக் கலமும், ஆக்சிஜன் அயனிகளை உள்ளும் புறமும் செலுத்தும் பம்புக் கலமும் இணைந்துள்ளன. அளவுக் கலத்தை 0.45 வோல்ட்டிலேயே நிறுத்திவைக்கத் தேவைப்படும் பம்பு மின்னோட்டமே கலவையின் அளவைக் காட்டுகிறது. பரவலாகப் பயன்படும் பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரை ஏறத்தாழ 780 டிகிரி செல்சியஸில் காய்ச்சி வைத்து, அந்த மின்னோட்டத்தையும் நடத்துவதற்குத் தனி கன்ட்ரோலர் இன்றியமையாதது.

நம்பிக்கை 2: எர்த் வயரை பாடியில் எங்கே முறுக்கினாலும் ஒன்றுதான்.

உண்மை: தவறுகளில் பெரியது இதுவே. கன்ட்ரோலர் தரும் 0 முதல் 5 வோல்ட் வரையிலான சிக்னலை டியூனிங் கருவி தன் எர்த்தோடு ஒப்பிட்டே படிப்பதால், இரு எர்த்துகளுக்கும் இடையே எழும் மிகச் சிறு வோல்ட் வேறுபாடும் அளவீட்டில் கலந்துவிடும். 0–5 வோல்ட் என்பது 10 முதல் 20 வரையிலான காற்று–எரிபொருள் விகிதத்தைக் குறிக்குமானால், 0.1 வோல்ட் பிழை விகிதத்தை 0.2 அளவுக்குப் பிறழக் காட்டும். சென்சாரின் ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டம் துருப்பிடித்த போல்ட்டின் வழியாகப் பாயும்போது இப்பிழை பிறக்கிறது. உப்பு படியப் படிய அது வளர்கிறது. ஆகவே சிக்னலுக்குத் தனி எர்த் வயர் இருந்தால் அதை டியூனிங் கருவியின் சென்சார் எர்த்திலும், ஹீட்டரின் எர்த்தை எஞ்சினின் உறுதியான எர்த்திலும் சேர்க்க வேண்டும். ஒரே எர்த் வயர் உள்ள கன்ட்ரோலரை டியூனிங் கருவி எர்த் ஆகும் அதே இடத்தில் இணைக்க வேண்டும். கேன் எனப்படும் டிஜிட்டல் இணைப்பில் அளவு எண்ணாகவே செல்வதால் இப்பிழைக்கு இடமில்லை.

நம்பிக்கை 3: உப்புக்காற்றைத் தடுக்க சென்சாரின் கனெக்டர் முழுவதும் கிரீஸ் அடைக்க வேண்டும்.

உண்மை: பல ஆக்சிஜன் சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயர்களின் இடைவெளி வழியாகவே பெறுவதால், கிரீஸும் கிளீனர் ஸ்பிரேயும் அவ்வழியை மாசுபடுத்தி அளவையே கெடுக்கும். எல்எஸ்யு வகையின் கனெக்டருக்குள் அந்தந்த சென்சாருக்கெனத் திருத்தப்பட்ட மின்தடை இருப்பதால், அரித்துவிட்டதென்று கனெக்டரை வெட்டி எறிவதும் தவறு. ரப்பர் சீல் குலையாமல் காப்பதும், கனெக்டரை நீர் தெறிக்காத உயரத்தில் கட்டுவதுமே முறை.

நம்பிக்கை 4: திரையில் 14.7 என்று தெரிந்தால் எந்தப் பெட்ரோலுக்கும் கலவை சரியே.

உண்மை: சென்சார் உணர்வது லாம்டாவை, அதாவது முழு எரிதலுக்குத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட கலவையின் நிலையை. லாம்டா 1 என்பதைத் தூய பெட்ரோலுக்கான 14.7 ஆகத் திரை பெருக்கிக் காட்டுகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் உண்மையான விகிதம் ஏறத்தாழ 13.5 என்பதால், லாம்டாவைக் கொண்டே டியூன் செய்வது பிழையற்றது.

நம்பிக்கை 5: கன்ட்ரோலருக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் சென்சார் புகைக்குழாயிலேயே இருக்கலாம்.

உண்மை: சூடேறாத சென்சாரில் கரி படிந்து அது விரைவில் பழுதாகும், ஆகவே எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் ஹீட்டருக்கு மின்சாரம் வேண்டும்.

கலவையின் அளவு பொய்த்தால், பெட்ரோல் குறைந்த கலவையில் அதிக பளு ஏற்றப்பட்ட எஞ்சினின் பிஸ்டன் உருகும் வரை கேடு செல்லக்கூடும். எனவே இக்கரையில் டியூனிங் தொடங்குமுன், எஞ்சின் ஓடும்போது கன்ட்ரோலரின் சிக்னல் எர்த்துக்கும் டியூனிங் கருவியின் சென்சார் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து அளந்து, சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த்தைச் சீராக்குவதே ஒவ்வொரு மெக்கானிக்கின் கடமையாகும்.