கோபத்துக்கும் முகவரி வேண்டும்

பாளையங்கோட்டை
16.11.2025

அன்பு மருமகனுக்கு,

சிகாகோவில் குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடாமல் வெளியே போகாதே. அம்மா கொடுத்துவிட்ட பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா என்று எழுது.

உன் பேஸ்பால் அணியைப் பற்றி நீ எழுதிய கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். "இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன் மாமா, ஒயிட் சாக்ஸ் தேறாது. ஊரின் வடக்கே இருக்கிற கப்ஸ் அணி பக்கம் போய்விடலாம் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். அதைவிட நடுவில் நீ போகிறபோக்கில் எழுதிய ஒன்றுதான் என்னை உறுத்தியது. ஆகஸ்டில் ஓர் ஆட்டத்தில் கைக்கு வந்த பந்தை ஒரு பையன் நழுவவிட்டான். பக்கத்தில் இருந்தவர்களோடு சேர்ந்து நீயும் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாய். அவன் திரும்பிப் பார்த்தான். அன்று இரவு உனக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராமல் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். உன் மனசு சரியாக இருக்கிறது. கோபம்தான் முகவரி தப்பிப் போயிருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

நீ படிக்கிற கல்லூரியிலிருந்து 35ஆம் தெருவில் மேற்கே நடந்து, நெடுஞ்சாலைக்கு மேலே போகிற பாலத்தைத் தாண்டினால் மைதானம். அதே பாலத்தில் 2005இல் நானும் நடந்திருக்கிறேன். 1917க்குப் பிறகு 88 வருஷம் காத்திருந்து அந்த அணி பேஸ்பாலின் பெரிய பட்டமான உலகத் தொடரை வென்ற வருஷம் அது. ஹூஸ்டனை நாலுக்கு நாலு ஆட்டத்திலும் தோற்கடித்தார்கள். சிகாகோக்காரரான இன்றைய போப் பதினான்காம் லியோ, அன்றைக்கு ஒரு பாதிரியார், முதல் ஆட்டத்தைக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். வெற்றி ஊர்வலத்தில் முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என் அப்பா இதைப் பார்க்காமலே போய்விட்டார்" என்று அழுதார். ஓர் அணி என்பது ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதனால் உன் கோபத்தை நான் சின்னதாக நினைக்கவே இல்லை.

நீ அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த வருஷத்துக் கணக்கையும் எடுத்துக்கொள்வோம். 2024இல் 162 ஆட்டங்களில் 41 வெற்றி, 121 தோல்வி. 1900க்குப் பிறகு எந்த அணியும் ஒரே வருஷத்தில் அத்தனை ஆட்டம் தோற்றதில்லை. முதல் 25 ஆட்டங்களில் மூன்றே வெற்றி. ஜூலையில் தொடங்கிய ஒரு சரிவு ஆகஸ்ட் வரை நீண்டு, தொடர்ச்சியாக 21 தோல்விகளில் போய் நின்றது. செப்டம்பர் 24 இரவு நீயும் மைதானத்தில் இருந்தாய். அன்று தோற்றால் அதிகத் தோல்விக்கான பழைய சாதனை உடைந்துவிடும் என்ற நிலை. எட்டாவது இன்னிங்ஸில் நம் அணி மூன்று ரன் எடுத்து 3-2 என்று ஜெயித்தது. அப்படி ஜெயித்த இரவிலும் கூட்டம் "அணியை விற்றுவிடு" என்று கோஷம் போட்டதை நீதான் எனக்கு எழுதினாய். மூன்று நாள் கழித்து டெட்ராய்டில் அந்த 121ஆவது தோல்வி வந்தது.

ஜெயித்த நாளிலும் ரசிகன் ஏன் கோபமாக இருக்கிறான்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி விஷயம் தெளிந்துவிடும்.

அந்தப் பழைய சாதனை 1962இல் நியூயார்க் மெட்ஸ் அணியுடையது. 120 தோல்வி. ஆனால் அந்த மெட்ஸை நியூயார்க் ஜனங்கள் வெறுக்கவில்லை; கொஞ்சினார்கள். ஊரில் இருந்த டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் இரண்டு அணிகளும் 1957 சீசன் முடிந்ததும் கலிபோர்னியாவுக்குக் குடிபோய்விட்டன. அவை விட்டுப்போன இடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளை மெட்ஸ். மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்டக்காரர்களை வைத்து முதல் வருஷம் ஆடியது. குழந்தை விழத்தான் செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏழு வருஷம் கழித்து, 1969இல், அதே மெட்ஸ் உலகத் தொடரை வென்றது.

ரசிகன் தோல்வியைத் தாங்குவான், மருமகனே. ஏன் தோற்கிறோம், எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்தால் போதும். எடுத்த முடிவு தப்பானால் அதை ஒப்புக்கொள்ளாத, அதிலிருந்து எதையும் படிக்காத தலைமையைத்தான் அவனால் தாங்க முடியாது.

ஒயிட் சாக்ஸ் ரசிகர்கள் பொறுமை இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2016 டிசம்பரில் கிறிஸ் சேல் என்ற பெரிய பிட்சரை, அதாவது பந்துவீச்சாளரை, பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு, இளம் ஆட்டக்காரர்களை வாங்கி, "அணியைப் புதிதாகக் கட்டுகிறோம், பொறுத்திருங்கள்" என்றார்கள். பொறுத்தார்கள். 2018இல் 100 தோல்வி, அதையும் பொறுத்தார்கள். 2021இல் 93 வெற்றியோடு பிரிவில் முதலிடம் வந்தபோது பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்தது என்று நினைத்தார்கள். அந்த அணிதான் அடுத்த வருஷம் 81-81, அதற்கடுத்த வருஷம் 101 தோல்வி, பிறகு 121, இந்த வருஷம் 102. கட்டிய வீட்டில் பால் காய்ச்சியவுடனே சுவர் விரிசல் விட்டால், கொத்தனாரையும் கேட்க வேண்டும், வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும். செங்கலைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

எனவே கோபம் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேள்: இது யார் கையில் இருந்தது?

பந்தை நழுவவிட்டது ஆட்டக்காரன் கை. அது அந்த நொடியின் பிழை. பயிற்சிக் களத்தில் அவனே அதற்கு நூறு தடவை வருந்தியிருப்பான். எந்தப் பிட்சர் எப்போது இறங்குவது, யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் மேனேஜர் கையில். நம் கிரிக்கெட்டில் கேப்டனும் களத்தில் நின்று வெயிலில் காய்வார். பேஸ்பாலில் மேனேஜர் ஓரத்தில் இருந்தபடி முடிவெடுக்கிறவர். யாரை வாங்குவது, யாரை விற்பது ஜெனரல் மேனேஜர் கையில். இத்தனை பேரையும் நியமிப்பதும், எவ்வளவு செலவழிப்பது என்று தீர்மானிப்பதும் உரிமையாளர் கையில். கோபம் இந்தப் படிகளில் ஏற வேண்டும். நாம் பெரும்பாலும் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறவன் ஆட்டக்காரன்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2022 ஜூன் 9. உன் மைதானத்திலேயே, டாட்ஜர்ஸோடு ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸ், எதிரணி 7-5 என்று முன்னால் இருக்கிறது. இரண்டு பேர் அவுட். பேட்டர் ட்ரே டர்னர். அவருக்கு ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் இன்னிங்ஸே முடிந்தது. அந்த நேரத்தில் மேனேஜர் டோனி லா ரூசா, டர்னரை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பிவிடும்படி சைகை காட்டினார். அடுத்து வருகிற மேக்ஸ் மன்சி இடக்கை ஆட்டக்காரர், பந்து வீசுகிற நம் பையனும் இடக்கை, அதனால் அது சுலபம் என்பது அவர் கணக்கு. கேலரியில் இருந்த ரசிகர் ஒருவர், "ரெண்டு ஸ்ட்ரைக் ஆயிடுச்சே!" என்று கத்தினார். மன்சி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 10-5. கடைசியில் 11-9 என்று தோற்றோம்.

அந்த ஹோம் ரன்னைக் கொடுத்தது யார்? புள்ளிவிவரப் பட்டியலில் பிட்சர் பெயர்தான் இருக்கும். ஆனால் ஒரே ஒரு ஸ்ட்ரைக் மிச்சம் இருக்கும்போது, "உன்னால் அதைப் போட முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை" என்று அந்தப் பையனிடம் ஊரறியச் சொன்னது யார்? ஆட்டம் முடிந்து நிருபர்கள் கேட்டபோதும் லா ரூசா தன் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. முடிவு தவறிப்போவது மனித இயல்பு. "யோசித்துச் செய்தேன், தவறிவிட்டது, பழி என்னுடையது" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் பாதிக் கோபம் அங்கேயே அடங்கியிருக்கும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். லா ரூசா சாதாரண ஆள் கிடையாது. மூன்று உலகத் தொடர் வென்றவர், பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றவர். ஆனால் 2020இல் ஒயிட் சாக்ஸ் அழைத்தபோது அவருக்கு 76 வயது. ஒன்பது வருஷமாக எந்த அணியையும் நடத்தியிருக்கவில்லை. பின் ஏன் அழைத்தார்கள்? 1986இல் இதே அணி அவரை வேலையை விட்டு நீக்கியது. அதற்காகத் தான் வருந்துவதாக உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் பலமுறை சொல்லியிருக்கிறார். அணிக்கு இன்றைக்கு யார் தேவை என்ற கேள்வி இருந்த இடத்தில் உரிமையாளரின் பழைய வருத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது என்றுதான் ரசிகர்கள் எண்ணினார்கள். நானும் அப்படித்தான் எண்ணுகிறேன். நன்றிக்கடன் தீர்ப்பது நல்ல குணம்தான். அதைச் சொந்தக் காசில் தீர்க்க வேண்டும். ஊரார் நம்பிக்கையை எடுத்துத் தீர்க்கக்கூடாது.

இப்படிப் பார்த்தால் கோபம் மேல் படிக்குத் தானாக ஏறிவிடும். 2023 ஆகஸ்டில் நிர்வாகத் துணைத் தலைவர் கென் வில்லியம்ஸையும் ஜெனரல் மேனேஜர் ரிக் ஹானையும் நீக்கினார்கள். வெளியே நாலு இடத்தில் விசாரித்து ஆள் தேடாமல், பத்து நாளுக்குள் உள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸை அந்த இடத்தில் வைத்தார்கள். அடுத்த வருஷம் 121 தோல்வி. 2024 ஆகஸ்ட் 8இல் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை நீக்கினார்கள். அப்போது கணக்கு 28 வெற்றி, 89 தோல்வி. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1981இலிருந்து மாறாதவர் ஒருவர்தான். அதனால்தான் அந்தச் செப்டம்பர் இரவுக் கோஷம் ஆட்டக்காரர் பேரையோ மேனேஜர் பேரையோ சொல்லவில்லை. "அணியை விற்றுவிடு" என்று நேராக உரிமையாளருக்குப் போனது. நாற்பது வருஷம் பார்த்துப் பழகிய கூட்டம், முகவரியைச் சரியாக எழுதியிருந்தது.

அதே வாசகத்தை இன்னும் அழகாகச் சொன்ன ஊர் ஒன்று உண்டு. ஓக்லண்ட். அந்த ஊர் பேஸ்பால் அணியை லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோக உரிமையாளர் ஜான் ஃபிஷர் முடிவு செய்தபோது, ரசிகர்கள் புறக்கணிப்பைத் தலைகீழாகத் திருப்பினார்கள். "கூட்டம் வருவதில்லை" என்பதுதானே சாக்கு? சரி, வந்து காட்டுவோம் என்று 2023 ஜூன் 13 அன்று, மற்ற நாளில் காலியாகக் கிடந்த அரங்குக்கு 27,759 பேர் வந்தார்கள். பச்சைச் சட்டையில் 'விற்றுவிடு' என்ற ஒற்றைச் சொல். அன்று அவர்கள் அணி 2-1 என்று ஜெயித்தது. ஒவ்வொரு அடிக்கும் ஆட்டக்காரர்களுக்குக் கைதட்டினார்கள், இடையிடையே உரிமையாளரை நோக்கிக் கோஷம் போட்டார்கள். ஒரே தொண்டையில் பாராட்டும் கண்டனமும் வர முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

அணி தங்கிவிட்டதா? இல்லை. 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்டில் கடைசி ஆட்டம் ஆடிவிட்டுப் போய்விட்டது. அப்படியானால் என்ன பயன் என்று நீ கேட்பாய். ரசிகர்கள் கைவிட்டதால் அணி போனது என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. உண்மை எழுதி வைக்கப்பட்டுவிட்டது. சில சமயம் சரியான கோபத்துக்குக் கிடைக்கிற பலன் அவ்வளவுதான். அதுவும் சின்னப் பலன் அன்று.

முகவரி தப்பிய கோபம் எங்கே போய் முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இந்த மே மாதம் ஹூஸ்டன் பிட்சர் லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஓர் ஆட்டத்தில் மோசமாக வீசினார். அவருடைய குழந்தைகளைக் கொன்றுவிடுவதாக மிரட்டல் வந்தது. போலீஸ் விசாரித்தபோது, அனுப்பியவர் எங்கோ வெளிநாட்டில் இருந்துகொண்டு பந்தயத்தில் பணம் தொலைத்த ஆள் என்று தெரிந்தது. ஆட்டக்காரனை ஏசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. உன்னை அந்த வரிசையில் பார்க்க எனக்கு மனசில்லை.

இனி, கப்ஸுக்கு மாறுவதா? அது உன் இஷ்டம். ஆனால் கோபித்துக்கொண்டு மாறாதே. இன்னும் சில வருஷத்தில் அணி ஜஸ்டின் இஷ்பியா என்பவர் கைக்குப் போகலாம் என்று இந்த ஜூனில் ஓர் ஏற்பாடு அறிவித்திருக்கிறார்கள். ஆனால் 2029க்கு முன் அது நடக்காது. புது மேனேஜர் வில் வெனபிள் வந்த முதல் வருஷத்தில் வெற்றி 41இலிருந்து 60 ஆகியிருக்கிறது. நல்ல தலைமையா என்று சொல்ல இது போதாது. இன்னும் கவனி. அவர்கள் முடிவெடுப்பதைப் பார், தவறினால் என்ன பேசுகிறார்கள் என்று கேள், குறித்துக்கொள். நாளைக்கு நீயும் நாலு பேருக்கு மேல் உட்கார வேண்டியவன். உன் கீழ் இருக்கும் பையன் ஒன்றை நழுவவிடும்போது, அவனை அந்த இடத்தில் நிறுத்தியது நான்தானே என்று உனக்கு முதலில் தோன்ற வேண்டும். இந்த இரண்டு வருஷத்துத் தோல்வி உனக்கு அதைக் கற்றுக்கொடுத்தால், டிக்கெட் காசு வீணாகவில்லை.

ஏப்ரலில் பனி விலகி ஆட்டம் தொடங்கும். அந்தப் பையன் அப்போதும் அணியில் இருந்தால், ஆகஸ்டில் உட்கார்ந்த அதே இடத்தில் டிக்கெட் எடு. அவன் களத்தில் இறங்கும்போது எழுந்து நின்று கைதட்டு. பிறகு கூட்டம் உரிமையாளருக்குக் கோஷம் போட்டால், நீயும் தாராளமாகச் சேர்ந்துகொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவிடம் வாரம் ஒரு தடவையாவது பேசு.

இப்படிக்கு,
அன்புடன்,
மாமா