நான்கு தண்டுகளின் நடுவே

போத்தனூர்

அன்புள்ள அம்மணி,

பொள்ளாச்சி ரயில் கிணத்துக்கடவைத் தாண்டும்போதெல்லாம், பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையைப் பற்றிக் கேட்பாய். அவர் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 நிலவில் தண்ணீர் இருப்பதை எப்படி அறிந்தது என்று இப்போது கேட்டு எழுதியிருக்கிறாய். விடையில் ஒரு பங்கு ‘சேஸ்’ என்ற சின்னக் கருவிக்கு உண்டு. 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1இலிருந்து பிரிந்து நிலவில் மோதிய கலத்தில் அது இருந்தது. கீழே விழும் வழியெல்லாம் அங்கிருந்த வாயுக்களை அளந்தது. திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தின் நான்முனை நிறை நிறமாலைமானி அது.

உள்ளே வரும் வாயுவை எலெக்ட்ரான்களால் தாக்கி நேர் அயனிகளாக்கி, இணையாக நிற்கும் நான்கு உலோகத் தண்டுகளின் நடுவே அனுப்புவார்கள். எதிரெதிரே உள்ள தண்டுகள் ஒரு ஜோடி. ஒரு ஜோடிக்கு நேர், மற்றதற்கு எதிர் என நிலையான மின்னழுத்தம் உண்டு. அதன்மேல், நொடிக்குப் பத்து லட்சம் முறை என்ற அளவில் திசைமாறும் மின்னழுத்தமும் சேரும்.

இனி நிதானமாகப் படி. நேர் ஜோடி அயனியை நடுவுக்குத் தள்ளும். ஆனால் மாறும் மின்னழுத்தம் ஒரு கணம் அந்தத் தண்டுகளையே எதிராக்கிவிடும். அதற்குள் லேசான அயனி ஓடிப்போய்த் தண்டில் மோதிவிடும். கனமானது அசைவதற்குள் திசை மாறிவிடுவதால் தப்பிக்கும். எதிர் ஜோடியில் இது தலைகீழ். கனமானது நிலையான இழுப்பில் மெல்ல நகர்ந்து தண்டில் சேரும். லேசானதை மாறும் மின்னழுத்தம் உடனுக்குடன் நடுவுக்குத் திருப்பிவிடும். ரைஸ்மில்லில் மேல் சல்லடை கட்டியை நிறுத்தி, கீழ்ச் சல்லடை தூசியை உதிர்த்து, இடையில் அரிசி மட்டும் வருமே, அதைப்போல ஒரே நிறை-மின்னூட்ட விகிதம் உள்ள அயனிதான் மறுமுனைக்குப் போய்ச் சேரும். இரு மின்னழுத்தங்களையும் விகிதம் மாறாமல் கூட்டிக்கொண்டே போனால் அயனிகள் வரிசையாக வெளிவரும். சேஸில் 18 என்ற எண்ணில் தெரிந்தது தண்ணீர்.

இந்தக் கருவி எதையும் எடைபோடுவதில்லை, எது எவ்வளவு சீக்கிரம் அசைகிறது என்று மட்டுமே பார்க்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. பெரிய காந்தமும் வேண்டாம். அதனால்தான் விண்கலத்துக்கு இது பொருந்துகிறது. 1950களில் இந்த வழியை வகுத்த ஜெர்மானியர் வொல்ஃப்காங் பால், இதே தத்துவத்தில் அயனிகளைச் சிறைபிடித்ததற்காக 1989இல் நோபல் பெற்றார்.

நைட்ரஜன் மூலக்கூறு, கார்பன் மோனாக்சைடு இரண்டுமே 28இல்தான் வரும். எலெக்ட்ரான் தாக்கும்போது சில மூலக்கூறுகள் உடையவும் செய்யும். அப்படியென்றால் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? 12, 14 ஆகிய எண்களில் தேடிப் பார்த்து எழுது.

அன்புடன்,
பெரியப்பா