யார் கேட்கணும், யார் சொல்லணும்?



நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல். வி.எஸ்.என்.எல். நிறுவனம் கொடுத்தது. அப்போது மோடம் என்ற பெட்டி டெலிபோன் லைன் வழியாக ஒரு நம்பரைக் கூப்பிடும். இதுதான் டயல்-அப். அலுவலகங்களில் ரூட்டர்களும் இப்படித்தான் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பேசின.

நம்பர் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாமே! கூப்பிடுவது நம்ம ஆள்தானா என்று எப்படித் தெரியும்? அதற்கு இரண்டு முறைகள் உண்டு.

பாப்: ரகசியச் சொல்லை அப்படியே அனுப்பும். நடுவில் ஒட்டுக்கேட்டால் போச்சு!

சாப்: ரகசியச் சொல் லைனில் போகவே போகாது. உதாரணமாக, நம் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசிய எண் 7. நான் 23 என்று கேட்கிறேன். நீங்கள் பெருக்கி 161 என்கிறீர்கள். நானும் பெருக்கிப் பார்க்கிறேன், சரி! ஆனால் 161-ஐ 23-ஆல் வகுத்தால் 7 வெளியே வந்துவிடும். அதனால் சாப் முறையில் எம்.டி.5 என்ற கணக்கு. அதில் விடையைத் திருப்பிப் போட்டு ரகசியத்தை எடுக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் கேள்வியும் புதுசு.

திண்டிவனம் ரூட்டர் விழுப்புரம் ரூட்டரைக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிஸ்கோ ரூட்டரில் செய்ய வேண்டியவை:

1. இரண்டிலும் எதிர் ரூட்டரின் பெயரையும் ஒரே ரகசியச் சொல்லையும் பதிய வேண்டும்.
2. விழுப்புரத்தில் 'பிபிபி ஆத்தென்டிகேஷன் சாப்' என்று கட்டளை. யார் கூப்பிட்டாலும் கேள்வி கேட்கும்.
3. திண்டிவனத்தில் அதே கட்டளையின் கடைசியில் 'கால்இன்' சேர்க்க வேண்டும். 'என்னை யாராவது கூப்பிட்டால் கேட்பேன், நான் கூப்பிடும்போது கேட்க மாட்டேன்' என்று அர்த்தம்.

இதுதான் ஒருவழிச் சரிபார்ப்பு. நம் ஊர் எல்லையில் புதுச்சேரியிலிருந்து வரும் வண்டியை போலீஸ் நிறுத்திச் சோதிப்பது மாதிரி!

ஏன் ஒருவழி? இணைய நிறுவனம் வாடிக்கையாளரிடம் தன்னை நிரூபிக்காது. 'நீயும் சொல்' என்று நம் ரூட்டர் பிடிவாதம் பிடித்தால் லைன் கட்டாகிவிடும். ஆனால் ஒரு குறையும் உண்டு. எதிரே எடுத்தது உண்மையான ஆளா என்று கூப்பிட்டவருக்குத் தெரியாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கூப்பிட்டவர்தான் தன்னை நிரூபிக்கணும் என்பது. இன்று நம் வீட்டு போனில் நடப்பது என்ன? "பேங்க்ல இருந்து பேசறோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்கிறார்கள். கூப்பிட்டது அவர்கள், நிரூபிக்கணுமாம் நாம்! தலைகீழாக இல்லை? ரூட்டரே ரகசியத்தை லைனில் விடுவதில்லை. நாம் விடலாமா?

அம்மா, பாட்டியிடம் சொல்லி வையுங்கள். யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது. போனை வைத்துவிட்டு, பாஸ்புக்கில் உள்ள நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேட்கணும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யணும்.