எல்.கே.ஜி. முதல் வருடம்: தாம்பரம் பக்கத்து அம்மாக்களுக்கு முழுமையான வழிகாட்டி

எல்.கே.ஜி.யில் சேரும் பிள்ளைக்கு மூன்று, மூன்றரை வயதுதான் இருக்கும். ஆனால் அது சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் எல்லாருடைய நேரமும் மாறிவிடுகிறது. அடுப்பு பற்றவைக்கும் நேரம், குளியலறைக்கு யார் முதலில் என்ற வரிசை, மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் அப்பாவின் அவசரம், பாட்டியின் மதியத் தூக்கம் என்று எதுவும் பழையபடி இருக்காது. "எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்?" என்று கேட்கும் அம்மாக்கள் நிறையப் பேர். "எங்க வீட்டுக் காலை நேரத்துக்கு எந்த ஸ்கூல் ஒத்துவரும்?" என்று கேட்பவர்கள் குறைவு. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குரோம்பேட்டை முதல் கூடுவாஞ்சேரி வரை, மேடவாக்கம் முதல் முடிச்சூர் வரை இருக்கும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. வயதுக் கணக்கு

தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.க்கு வழக்கமான கணக்கு, அந்த ஆண்டு ஜூலை 31க்குள் 3 வயது முடிந்திருக்க வேண்டும் என்பது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாக்களில் 2022–23 கல்வியாண்டிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது நிரம்பியிருக்க வேண்டும். தாம்பரம் விமானப்படைத் தளத்துக் கேந்திரிய வித்யாலயாவை மனத்தில் வைத்திருப்பவர்கள் 6 வயதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அவசரப்பட்டுச் சேர்த்தால் யு.கே.ஜி. முடித்துவிட்டு ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டிவரும்.

ஜூன், ஜூலையில் பிறந்து, 3 வயது அப்போதுதான் முடிந்த பிள்ளையாக இருந்தால் ஒரு வருடம் பொறுப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. அந்த ஒரு வருடத்துக்குத் தெருவிலிருக்கும் அங்கன்வாடியைப் போய்ப் பாருங்கள். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே ஒரு பாடத்திட்டம் உண்டு. பாட்டு, கதை, களிமண் உருட்டுவது என்று போகும். மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டு. வீட்டைவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் இருந்து பழகிய பிள்ளை எல்.கே.ஜி. வாசலில் குறைவாகத்தான் அழும்.

2. பள்ளி தேடுவது

ரயில் பாதையும் ஜிஎஸ்டி சாலையும் ஒட்டி ஓடி நம் ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கிழக்குத் தாம்பரத்தில் வீடு, மேற்கில் பள்ளி என்றால், ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடத்தில் போய்வந்த தூரத்தை நம்ப வேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, வண்டியிலோ நடந்தோ அந்த வழியில் போய்ப் பாருங்கள். நடந்து போகிற தூரத்தில் சுமாரான பள்ளி, முக்கால் மணி நேர வேன் தூரத்தில் பேர்போன பள்ளி என்று இரண்டு இருந்தால், எல்.கே.ஜி.க்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அந்த முக்கால் மணி நேரம் தூங்கவும் சாப்பிடவும் வேண்டிய நேரம். பெரிய பள்ளிக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பள்ளிக்குள் போனால் பளபளக்கும் வரவேற்பறையைத் தாண்டி, எல்.கே.ஜி. கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளையின் உயரத்துக்கு இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, தாழ்ப்பாள் உள்ளே மாட்டிக்கொள்ளும்படி இருக்கிறதா என்று பாருங்கள். எல்.கே.ஜி. வகுப்பு தரைத்தளத்தில் இருப்பது நல்லது. ஒரு வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், கழுவிவிடவும் துணி மாற்றவும் ஆயாம்மா எத்தனை பேர் என்று கேளுங்கள். 'மிஸ்' யார் என்பதைப் போலவே ஆயாம்மா யார் என்பதும் முக்கியம். முதல் மாதத்தில் பிள்ளை அதிகம் தேடப்போவது அவரைத்தான்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2009ஆம் ஆண்டு கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த குழுதான் தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. "கமிட்டி ஃபீஸ் எவ்வளவு?" என்று தயங்காமல் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். நன்கொடை வாங்குவதையும், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல் வைத்துச் சேர்க்கையை முடிவு செய்வதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. அதே சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர்த்த தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு. நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. விண்ணப்பம் வழக்கமாகக் கோடையில் வரும். ஆனால் 2025இல் அறிவிப்பு அக்டோபரில்தான் வந்தது. அதனால் வருமானச் சான்றையும் இருப்பிடச் சான்றையும் முன்கூட்டியே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

3. சான்றிதழ்கள்

பிறப்புச் சான்றிதழ் எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவாகியிருக்கும். பிரசவத்துக்குத் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ தாய்வீடு போயிருந்தால், சான்றிதழும் அந்த ஊருடையதுதான். பெயர் சேர்க்காமல் விட்டிருந்தால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே முடித்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் வயதுக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில்தான் உருவானது; அதற்கு முன் பல்லாவரத்திலோ செம்பாக்கத்திலோ பிறந்த பிள்ளையின் சான்றிதழில் பழைய நகராட்சியின் பெயர் இருந்தால் கலங்க வேண்டாம்.

பெயரின் எழுத்தும் இனிஷியலும் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒன்றுபோல இருக்கட்டும். 5 வயதுக்குள் எடுத்த நீல ஆதாரில் கைரேகை இருக்காது, 5 வயதானதும் புதுப்பிக்க வேண்டும். தடுப்பூசி அட்டையையும் ஒரு பார்வை பாருங்கள். ஏதாவது தவணை விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள்.

4. மே மாதப் பயிற்சி

அ, ஆ, ஒன்று, இரண்டு எதுவும் வேண்டாம். மூன்று காரியம் பழக்கினால் போதும்.

முதலாவது தூக்கம். இரவு பத்தரைக்குப் படுக்கும் பிள்ளையை ஜூன் முதல் நாள் ஆறரைக்கு எழுப்பினால் அன்றைக்கு முழுவதும் அழுகைதான். வாரத்துக்குக் கால் மணி நேரமாகப் படுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவாருங்கள்.

இரண்டாவது கழிப்பறை. "மிஸ், ஒண்ணுக்கு வருது" என்று தெரியாத ஒருவரிடம் சத்தமாகச் சொல்லப் பழக வேண்டும். வீட்டில் தெலுங்கோ இந்தியோ உருதோ பேசுகிறவர்கள், பள்ளியில் புரிகிற சொல்லைச் சொல்லிக்கொடுங்கள். கொக்கி, பட்டன் வைத்த கால்சட்டையைவிட எலாஸ்டிக் வைத்தது மேல்.

மூன்றாவது டப்பா. சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்துத் தரையில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து, கை நீட்டாமல் பாருங்கள். எவர்சில்வர் டப்பாவின் மூடி இறுக்கமாக இருந்தால் பிள்ளை அதை மடியில் இடுக்கி, இரண்டு கட்டை விரலாலும் நெம்பும். மூடி திறக்கும்போது பாதிச் சாதம் மடியில் கொட்டும். பக்கவாட்டில் கிளிப் வைத்த டப்பா என்றால் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு மறுபக்கத்தை மறந்துவிட்டு இழுக்கும். எதைத் தானாகத் திறந்து, தானாக மூடுகிறதோ அந்த டப்பாவை அனுப்புங்கள், அழகாக இல்லாவிட்டாலும் சரி. தண்ணீர் பாட்டிலுக்கும் ஷூவுக்கும் இதே சோதனைதான். கயிறு கட்டும் ஷூ வேண்டாம், ஒட்டும் பட்டை போதும். பை, ரெயின்கோட் எல்லாம் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கிடைக்கும். ஜூன் முதல் வாரக் கூட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள்.

5. வேனா, ஆட்டோவா, ஸ்கூட்டரா?

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். 2012 ஜூலையில் நம் முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. பள்ளி திறக்கும் முன் கோடையில் போக்குவரத்துத் துறையினர் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்களே, அதற்குப் பின்னால் அந்தக் குழந்தை இருக்கிறாள்.

ஆகவே வண்டியில் ஏறிப் பாருங்கள். தரைப்பலகை, அவசர வழிக் கதவு, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். ஓட்டுநரைத் தவிர, பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் உதவியாளர் கட்டாயம் இருக்க வேண்டும். இறங்கிய பிள்ளை வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கும்போது வண்டி நகர்வதால்தான் கொடுமையான விபத்துகள் நடக்கின்றன. "அண்ணா, பாப்பாவை என் கையில கொடுத்துட்டு, நான் ஓரமா வந்தப்புறம் எடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தனியார் வேன், ஆட்டோ என்றால் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். ஓட்டுநர் பக்கத்தில் பிள்ளையை உட்காரவைக்கும் ஆட்டோ வேண்டவே வேண்டாம்.

ஸ்கூட்டரில் அழைத்துப் போனால், 4 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் சட்டப்படி கட்டாயம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. முன்னால் நிற்கவைத்து ஓட்டுவது நம் தெருக்களில் சகஜம்தான். திடீரென்று பிரேக் போட்டால் முதலில் மோதுவது பிள்ளையின் முகம்.

6. முதல் வாரம், வாசலில்

அழும். அழட்டும். பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவி வருவதுதான் தவறான வழி. அம்மா எப்போது வேண்டுமானாலும் காணாமல் போவாள் என்ற பயம் வந்துவிட்டால் வீட்டிலும் முந்தானையை விடாது. ஒரு முத்தம், ஒரே வாக்கியம்: "சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வந்துடுவேன்." மணி சொன்னால் அதற்குப் புரியாது, சாப்பாடு புரியும். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வாசலில் நில்லுங்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் போய், தன் பிள்ளை மட்டும் ஆயாம்மா பக்கத்தில் நிற்பதை முதல் வாரத்தில் தவிருங்கள்.

சானடோரியம் மெப்ஸ் வளாகத்துக்கு ஷிப்ட் போகிறவர்களும் கடற்கரை ரயிலில் ஏறுகிறவர்களும் அந்த ஒரு வாரத்துக்காவது லீவை இப்போதே சேர்த்து வையுங்கள். முடியாவிட்டால் பாட்டியோ தாத்தாவோ யார் அழைக்கப் போகிறார்களோ அவர்களே தினமும் போகட்டும். இன்று பாட்டி, நாளை சித்தி, மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா என்று மாற்றாதீர்கள். யார் யாரிடம் பிள்ளையை அனுப்பலாம் என்பதைப் பள்ளியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

7. டப்பாவுக்குள்

கையில் எடுத்துச் சாப்பிடுவது நல்லது: குட்டி இட்லி, நெய் தடவிச் சுருட்டிய சப்பாத்தி, உருண்டை பிடித்த பருப்புச் சாதம். தயிர்ச்சாதம் அனுப்பினால் பால் அதிகம் ஊற்றிப் பிசையுங்கள், இல்லாவிட்டால் நம் வெயிலுக்கு மதியத்துக்குள் புளித்துவிடும். வீட்டில் சாப்பிடும் அளவில் பாதி போதும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, ஜெம்ஸ் மிட்டாய் எதுவும் இந்த வயதில் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நறுக்கி வைக்கலாம்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

பள்ளியில் சமத்தாக இருந்த பிள்ளை வீட்டு வாசலில் செருப்பை வீசி எறியும். அத்தனை நேரம் அடக்கி வைத்ததை அம்மாவிடம்தானே கொட்ட முடியும்? "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று உடனே கேட்காதீர்கள். கைகால் கழுவி, ஏதாவது சாப்பிடக் கொடுத்து, தூங்கவிடுங்கள். மாலையில் "உன் பக்கத்துல யார் உக்காந்தா?" என்றால் தானாகக் கதை வரும்.

எழுதச் சொல்லி விரட்ட வேண்டாம். 1, 2ஆம் வகுப்புகளுக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்.கே.ஜி. நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி வரச் சொன்னால் மிஸ்ஸிடம் மரியாதையாக, தெளிவாகச் சொல்லுங்கள். குளிக்கும்போது உடம்பில் யார் எங்கே தொடக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

9. காய்ச்சலும் மழையும்

முதல் ஆறு மாதம் சளி மாறி மாறி வரும். காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆகாமல் அனுப்பாதீர்கள். உள்ளங்கையிலும் வாயிலும் கொப்புளம் தெரிந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பள்ளிக்கும் சொல்லுங்கள், மற்ற பிள்ளைகளுக்குப் பரவும். மழைக்காலக் காய்ச்சல் இரண்டு நாளில் விடாவிட்டால் டெங்கு பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார். இங்கே மூன்று மாவட்டங்கள் முட்டிக்கொள்கின்றன. தாம்பரமும் பல்லாவரமும் செங்கல்பட்டு, குன்றத்தூர் காஞ்சிபுரம், மடிப்பாக்கம் சென்னை. செய்தியில் உங்கள் வீட்டு மாவட்டத்தைப் பார்க்காதீர்கள், பள்ளி இருக்கும் மாவட்டத்தைப் பாருங்கள். அடையாற்றங்கரைப் பக்கம் இருப்பவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளையின் சான்றிதழ்களை உறையில் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள்.

10. வேலையைப் பிரிப்பது

டப்பா, சீருடை, ஷூ, வாட்ஸ்அப் குழுவில் வரும் அறிவிப்பு, நாளைக்கு மஞ்சள் நிறச் சட்டை என்று எல்லாமே அம்மா தலையில் வந்து விழும். ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள். இரவில் பை எடுத்து வைப்பதும் ஷூ துடைப்பதும் அப்பாவின் வேலை. வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் எண்ணும் இருக்கட்டும். "சொன்னா செய்றேன்" என்பவரிடம், சொல்லாமல் செய்ய வேண்டியது எது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

முதல் பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் போங்கள். மிஸ்ஸிடம் மார்க்கைக் கேட்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: டப்பாவில் எவ்வளவு மீதம் வருகிறது, கழிப்பறைக்குத் தானாகக் கேட்கிறதா, யாரோடு விளையாடுகிறது. அந்தப் பிள்ளையின் அம்மா அதே வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். வீடு எங்கே என்று விசாரித்து, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் தாமதமாகும் நாளில் உங்கள் பிள்ளையையும் சேர்த்து அழைத்துப் போகலாம் என்று பள்ளியில் கொடுத்த பட்டியலில் அவர் பெயரையும் எழுதுங்கள்.